நாவின் முறைப்பாடும் நோய்ப் பேரேடும்

உடலுக்கு நேரும் துன்பங்களுள் சில கண்ணுக்குப் புலனாவன. சில கருவிகளுக்குப் புலனாவன. புண்ணைக் கண் காணும். காய்ச்சலை வெப்பமானி காட்டும். குருதியின் அமுக்கத்தை அளப்பதற்கும் கருவி உண்டு. ஆனால், வாயில் வைப்பதெல்லாம் இரும்பைப்போலச் சுவைக்கிறது, சோறும் கசக்கிறது, தண்ணீரும் கசக்கிறது என்று ஒருவர் முறையிடும்போது அதற்குச் சாட்சி யார்? அவருடைய நாவைத் தவிர வேறு சாட்சி இல்லை. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். அது நலமாகவே தோன்றுகிறது. வீட்டார் கறியைச் சுவைத்துப் பார்க்கின்றனர், கறியிலும் குற்றமில்லை. ஆகவே, இது வெறும் மனக்கலக்கம் என்று தள்ளிவிடுதல் மிகவும் எளிதாகிவிடுகிறது.

இவ்வாறு எளிதில் தள்ளப்படக்கூடிய ஒரு முறைப்பாடு, இன்று உலகெங்கும் வழங்குகின்ற நோய்ப் பேரேட்டிலே தனக்கென ஓர் இலக்கத்தைப் பெற்றிருக்கின்றது. நோய்களின் அனைத்துலக வகைப்படுத்தலின் பத்தாம் திருத்தத்தில், ஆர் 43.2 என்னும் இலக்கத்தின் கீழ் "பராகியூசியா", அஃதாவது சுவைத் திரிபு என்று அது குறிக்கப்பட்டுள்ளது. இறந்தவர்களை எண்ணுவதற்காகத் தோன்றிய ஒரு பட்டியல், உயிரோடிருந்து வருந்துகின்ற ஒருவரின் நாவுக்கு எப்படி இடங்கொடுத்தது? அவ்விடம் போதுமானதுதானா? இவையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் நோயின் தன்மையைச் சிறிது பார்ப்போம். சுவையுணர்வு கெடுவது மூன்று வகை. சுவையே தெரியாது போவது ஒன்று. சுவை குன்றிப் போவது மற்றொன்று. ஒன்றின் சுவை வேறொன்றாக மாறித் தோன்றுவதும், வாயில் ஒன்றும் இல்லாதபோதே கசப்போ உலோகச் சுவையோ நிலைத்து நிற்பதும் மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையே திரிபு எனப்படுவது. நாவிலுள்ள சுவை அரும்புகளின் உயிரணுக்கள் ஏறத்தாழப் பத்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அவ்வணுக்கள் பெறும் செய்தியை நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. அந்நரம்புகளுள் ஒன்று நடுக்காதின் வழியே செல்வதனால், காதிலே செய்யப்படும் சத்திரசிகிச்சைகூடச் சிலவேளை நாவின் சுவையை மாற்றிவிடும். மருந்துகள், புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை, துத்தநாகக் குறைவு, உமிழ்நீர் வற்றுதல், தொற்றுநோய்கள் ஆகிய பலவும் இதற்குக் காரணமாகலாம். நாம் சுவை என்று கருதுவதில் பெரும்பங்கு உண்மையில் மணமே ஆகையால், மூக்கின் குறை நாவின் குறையாகத் தோன்றுவதும் உண்டு. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: நோயாளர் உணவை வெறுக்கிறார், உடல் மெலிகிறார், பலரோடு அமர்ந்து உண்ணும் இன்பத்தையும் இழக்கிறார்.

கீழைநாட்டு வைத்தியம் இத்துன்பத்தை அறியாததன்று. ஆயுர்வேத நூலாசிரியராகிய மாதவர், ஏறத்தாழ ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டில், நோய்களை வரிசைப்படுத்தி அவற்றின் குறிகளைக் கூறும் நிதான நூலொன்றை இயற்றினார். அதில் அரோசகம் என்னும் நோய்க்குத் தனி இடம் உண்டு. உணவில் விருப்பமின்மையே அதன் முதன்மையான குறி. ஆயினும், நோயாளரின் வாய் என்ன சுவையாக இருக்கின்றது என்பதைக்கொண்டே அதன் வகைகள் பிரித்துணரப்படுகின்றன. வாய் துவர்த்தால் வாதம். புளிப்பும் எரிவுங் கொண்டால் பித்தம். இனிப்பும் உவர்ப்புமாக இருந்தால் கபம். இக்கொள்கையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. எனினும், நோயாளரின் வாய்ச்சொல்லையே சான்றாகக் கொண்டு, என்ன சுவை என்று வினவிக் குறித்துவைத்த அந்த முறையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மீண்டும் வருவோம்.

இன்றைய பேரேட்டின் பிறப்பிடம் இலண்டன் மாநகரம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாரந்தோறும் மரணப் பட்டியல் வெளியிடப்பட்டது. கொள்ளைநோய் பரவுகின்றதா என்பதை அறிவதே அதன் நோக்கம். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், கோயிற்பற்றினால் அமர்த்தப்பட்ட முதிய பெண்கள் சென்று பிணத்தைப் பார்த்து, வீட்டாரை வினவி, மரணத்தின் காரணத்தைக் கூறுவர். அவர்கள் வைத்தியம் கற்றவர்கள் அல்லர். ஆகவே அப்பட்டியலில் அம்மை, கொள்ளைநோய் என்பவற்றோடு "பல்", "திடீர்" என்பவையும் மரணத்தின் காரணங்களாக இடம்பெற்றன.

ஜோன் கிரோன்ட் என்னும் துணி வணிகர் இப்பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் திரட்டி ஆராய்ந்து, 1662ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மக்கள்தொகைக் கணிப்பியலுக்கு அடிகோலியது அந்நூலே எனலாம். இலக்கங்களை நம்பிய அவர், அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. மேகநோயினால் இறந்தோரின் தொகை பட்டியலில் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, வீட்டாரின் வெட்கமும் பார்வையிடும் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட காசும் உண்மையை மறைத்துவிட்டன என்று அவர் முடிவு செய்தார். பட்டியல் எவ்வளவு செம்மையாயினும், முதலில் எழுதுபவர் எழுதாததை அது காட்ட மாட்டாது. இப்பாடம் இன்றும் பொருந்துவது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வேறொரு வழி பிறந்தது. செடிகொடிகளை வகுப்பென்றும் வரிசையென்றும் பிரிப்பதுபோல நோய்களையும் பிரித்துவிடலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரிலே கற்பித்த பொய்சியே த சோவாஜ், தாவரங்களுக்குப் பெயர் சூட்டிப் புகழ்பெற்ற சுவீடன் நாட்டு லின்னேயசு, எடின்பரோ நகரத்து வில்லியம் கலன் ஆகியோர் இவர்களுள் முதன்மையானோர். கலன் 1769ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்படுத்தலிலே, புலன்களின் குறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. பார்வையிழத்தல், பார்வை திரிதல், செவி மந்தம், செவியில் ஓசை திரிந்து கேட்டல் என்பனவற்றோடு மணமிழத்தலும் சுவையிழத்தலும் அங்கே பெயர் பெறுகின்றன. கண்ணுக்கும் செவிக்கும் இழப்பு வேறு, திரிபு வேறு என்று பிரித்துக் கண்ட அப்பேரறிஞர், நாவுக்கு இழப்பு என்னும் ஒரு பெயரையே அளித்தார். திரிந்த சுவைக்கு அங்கே தனிப்பெயர் கிடைக்கவில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837ஆம் ஆண்டில் பிறப்பு இறப்புப் பதிவு அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. இரண்டாண்டுகளின் பின், வைத்தியரும் புள்ளிவிவர அறிஞருமான வில்லியம் பார் அந்தப் பதிவு அலுவலகத்தில் பணியேற்றார். அவர் முன் குவிந்த மரணச் சான்றிதழ்களில் ஒரே நோய் மூன்று நான்கு பெயர்களால் எழுதப்பட்டிருந்தது. ஒரே பெயர் பல நோய்களுக்கு வழங்கியது. தெளிவற்ற சொற்களும் மலிந்திருந்தன. பௌதிகவியலுக்கு நிறையும் அளவும் எவ்வளவு இன்றியமையாதனவோ, நோய்களை ஆராய்வதற்குச் சீரான பெயர்களும் அவ்வளவு இன்றியமையாதன என்று அவர் தமது முதல் அறிக்கையிலேயே வற்புறுத்தினார். உயிரைப் போக்காவிடினும் மனிதரைச் செயலிழக்கச் செய்யும் நோய்களுக்கும் இப்பெயர்முறை விரிய வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால், அதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1853ஆம் ஆண்டில் பிரசெல்ஸ் நகரில் கூடிய முதலாவது அனைத்துலகப் புள்ளிவிவர மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான மரணக் காரணப் பட்டியலொன்றை ஆக்கும்படி பாரையும் ஜெனீவா நகரத்து மார்க் தெஸ்பினையும் கேட்டுக்கொண்டது. இருவரும் இரு வேறு கொள்கைப்படி இரண்டு பட்டியல்களைக் கொணர்ந்தனர். 1855ஆம் ஆண்டில் பரிஸ் மாநாடு இரண்டையும் இணக்கி 139 தலைப்புகள் கொண்ட பட்டியலொன்றை ஏற்றது. அது பரவலாக வழக்கில் வரவில்லை. பின்னர், பரிஸ் நகரத்தின் புள்ளிவிவரத் தலைவராகிய ஜாக் பெர்த்தியோன் ஆக்கிய பட்டியல் 1893ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் விரிந்த வடிவில் 161 தலைப்புகள் இருந்தன. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26 நாடுகளின் பிரதிநிதிகள் பரிசிலே கூடி, அதனைத் திருத்தி 179 தலைப்புகளாக்கினர். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைத் திருத்தும் வழக்கமும் அப்போது உறுதியாயிற்று.

இவையாவும் மரணத்தின் பட்டியல்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சுவை திரிந்ததனால் எவரும் நேரே இறப்பதில்லை. ஆதலின், மரணத்தை மட்டும் எண்ணும் பேரேட்டில் நாவின் துன்பத்துக்கு இடமே இல்லை. உயிரோடிருப்பவரின் நோய்க்கும் பட்டியல் வேண்டும் என்ற எண்ணம் பாருக்குப் பின் அழிந்துவிட்டதன்று. 1860ஆம் ஆண்டில் இலண்டனிலே புள்ளிவிவர மாநாடு கூடியபோது, வைத்தியசாலைகள் யாவும் ஒரே முறையில் நோயாளர் விவரங்களைத் திரட்ட வேண்டும் என்னும் திட்டத்தை புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் முன்வைத்தார். பிற்காலத் திருத்தங்களில் நோய்களுக்கென்று துணைப்பட்டியலும் சேர்க்கப்பட்டது. ஆனால், அது மரணப் பட்டியலின் சில தலைப்புகளை மேலும் பிரித்ததேயன்றி வேறன்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னரே திருப்பம் ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பரிஸ் நகரில் ஆறாம் திருத்த மாநாடு கூடியது. புதிதாகத் தோன்றிய உலக சுகாதார ஸ்தாபனம் அத்திருத்தத்தின் பொறுப்பை ஏற்றது. நோய்கள், காயங்கள், மரணக் காரணங்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே தழுவிய பேரேடு அதுவே. அதில் அறிகுறிகளுக்கும் தெளிவுறாத நிலைகளுக்கும் தனி அதிகாரம் வகுக்கப்பட்டது. காரணம் இன்னதென்று புலப்படாதபோதும் நோயாளர் வருந்துகிறார் என்பது உண்மை. அவ்வுண்மையை எழுதுவதற்கு ஓரிடம் வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம்.

எனினும் அவ்விடம் உடனே விரிந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் விளைவாகிய ஒன்பதாம் திருத்தத்தில், மணக்குறையும் சுவைக்குறையும் 781.1 என்னும் ஒரே இலக்கத்துள் அடங்கின. மூக்கை இழந்தவரும் நாக்குத் திரிந்தவரும் கணக்கிலே ஒருவராயினர். 1990ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பத்தாம் திருத்தமே இவர்களைப் பிரித்தது. அதில் ஆர் 43 என்பது மணம், சுவை ஆகியவற்றின் கோளாறுகளுக்குரிய தலைப்பு. மணமிழப்புக்கு 43.0, மணத் திரிபுக்கு 43.1, சுவைத் திரிபுக்கு 43.2, மற்றவற்றுக்கும் குறிப்பாக வகுக்க இயலாதவற்றுக்கும் 43.8 என்று அவை அமைந்தன. கலன் தம் நூலில் சுவையிழப்புக்குப் பெயரிட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், திரிந்த சுவைக்குத் தனி இலக்கம் கிடைத்தது.

இலக்கம் கிடைத்துவிட்டது, அதனோடு குறை தீர்ந்ததா என்றால், இல்லை. ஆர் 43.2 என்னும் இலக்கம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என்று சிந்திப்போம். சுவை திரிந்தது என்று அது சொல்லும். கசந்ததா, உலோகமாயிற்றா என்பதைச் சொல்லாது. எப்போது தொடங்கியது, எந்த மருந்தை உண்டபின் தொடங்கியது, மணமும் கெட்டதா, உடல் எத்தனை இறாத்தல் குறைந்தது என்பனவற்றையும் சொல்லாது. மாதவரின் நூல் வினவிய வினா, அஃதாவது வாய் என்ன சுவையாக இருக்கின்றது என்பது, இவ்விலக்கத்தினுள் இல்லை. அதனைச் சொல்லவேண்டியது வைத்தியரின் குறிப்பேயாகும். இலக்கம் எண்ணுவதற்கு உதவும். குறிப்பு அறிவதற்கு உதவும். ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்ள முடியாது.

மேலும், இவ்விலக்கம் அறிகுறியின் இலக்கமேயன்றி நோயின் முடிபு அன்று. காரணம் கண்டறியப்பட்டு, சுவைக்கேடு அந்நோயின் வழக்கமான கூறாகவே இருந்தால், அந்நோயையே எழுத வேண்டும். அறிகுறியைத் தனியே எழுத வேண்டியதில்லை என்பது பொதுவிதி. காரணம் புலப்படாதபோது, ஐயத்தை முடிவாக எழுதாமல் அறிகுறியை அறிகுறியாகவே எழுதுதல் நேர்மை. மருந்தினால் விளைந்ததாயின், ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் முறைப்படி, முதலில் சுவைத் திரிபின் இலக்கத்தையும் அடுத்து அம்மருந்தின் தீய விளைவைக் குறிக்கும் இலக்கத்தையும் சேர்த்தெழுத வேண்டும். பதிவேட்டு எழுதுவினைஞர் தாமாக மருந்தைக் குற்றஞ்சாட்ட இயலாது. இம்மருந்தால் இது விளைந்தது என்று வைத்தியர் எழுதியிருந்தாலன்றி அவ்விரு இலக்கங்களும் ஒன்று சேரா.

இஃது ஏட்டுச் சட்டம் மட்டுமன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். உயர் குருதியமுக்கத்துக்கான கப்டோபிரில் என்னும் மருந்து 1981ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்கக் காலத்தில் அது பெரும் அளவுகளில் கொடுக்கப்பட்டபோது, சுவை கெட்டுவிட்டது என்று நோயாளர் சிலர் முறையிட்டனர். அம்முறைப்பாடுகள் எழுதப்பட்டன, எழுதப்பட்டமையால் எண்ணப்பட்டன, எண்ணப்பட்டமையால் மருந்தின் அறிந்த விளைவுகளுள் அதுவும் ஒன்றாயிற்று. இன்று அம்மருந்தை உண்பவர் தம் வாய்ச் சுவை மாறியதாகச் சொன்னால், அவரை மனக்கலக்கம் உடையவர் என்று தள்ளவேண்டியதில்லை. அவருக்கு முன் வருந்தியவர்களின் சொல் ஏட்டிலே ஏறியிருப்பதே அதற்குக் காரணம்.

இலக்கங்களுக்கு வேறொரு பயனும் பின்னர் வந்து சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க வைத்தியக் காப்புறுதி, 1983ஆம் ஆண்டு தொடங்கி, நோய் வகுப்பை அடிப்படையாகக்கொண்டு வைத்தியசாலைகளுக்குப் பணம் செலுத்தலாயிற்று. நோயை எண்ணப் பிறந்த இலக்கம் பணத்தை எண்ணவும் பயன்பட்டது. இதனால் பதிவு செம்மையுற்றது என்பது உண்மை. அதேவேளை, பணம் ஈட்டாத முறைப்பாடு ஏட்டில் ஏறாமல் நழுவிவிடும் ஆபத்தும் உண்டாயிற்று. அன்று மேகநோயை வெட்கமும் காசும் மறைத்தன என்று கிரோன்ட் கண்டார். இன்று எளிய முறைப்பாட்டை அவசரமும் வரவுசெலவும் மறைத்துவிடலாம்.

இவ்வரலாற்றின் பெருஞ்சோதனை 2020ஆம் ஆண்டில் வந்தது. கொவிட் தொற்று உலகெங்கும் பரவியபோது, முதலில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலுமே அதன் அடையாளங்களாக எண்ணப்பட்டன. மணமும் சுவையும் திடீரென அற்றுப்போயின, அல்லது மாறிப்போயின என்று பல நாடுகளில் மக்கள் கூறலாயினர். ஐக்கிய இராச்சியத்தில் 2020ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாளன்றே அது அரசாங்கத்தின் அறிகுறிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புதிய நோய்க்கு உலக சுகாதார ஸ்தாபனம் யூ 07.1 என்னும் அவசர இலக்கத்தை அவ்வாண்டே வழங்கியது. ஆனால், மணத்துக்கும் சுவைக்கும் உரிய இலக்கங்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஆயத்தமாக இருந்தன. இருந்தும், தொற்றின் தொடக்க வாரங்களில் அறிகுறிப் பட்டியலில் நாவும் மூக்கும் இல்லாமையால், அவற்றைப் பற்றி வினவப்படாத நோயாளர் பலர். ஏட்டிலே இடம் இருப்பது வேறு. அவ்விடத்தை நிரப்புவது வேறு. தொற்று நீங்கிய பின்பும் சிலருக்குச் சுவைத் திரிபு மாதக்கணக்கில் நீடித்தது. அவர்களுடைய துன்பம் வீணான முறைப்பாடன்று என்பதை உலகம் அப்போதுதான் பரவலாக உணர்ந்தது.

2019ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை பதினோராம் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. 2022ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. கணிப்பொறிக்கெனவே அமைக்கப்பட்ட அப்பேரேட்டில், ஓர் இலக்கத்தோடு வேறு இலக்கங்களைத் தொடுத்து நோயின் விவரங்களை மேலும் நுணுக்கமாகக் கூறலாம். ஆயினும், எத்தனை திருத்தம் வந்தாலும் ஒன்று மாறாது. சுவையின் இழப்பை இனிப்பும் புளிப்பும் உவர்ப்பும் கசப்பும் கொண்ட கரைசல்களை நாவிலிட்டு ஓரளவு அளந்துவிடலாம். திரிபை அவ்வாறு அளப்பது அரிது. அங்கே நோயாளரின் சொல்லே அளவுகோல்.

ஆகவே நேயர்களே, வாய்ச் சுவை மாறியவர் வைத்தியரிடம் செல்லும்போது, வாய் சரியில்லை என்று கூறி நிறுத்திவிடலாகாது. என்ன சுவை, எந்நாள் தொடங்கியது, எந்த உணவில் மிகுகிறது, அண்மையில் எந்த மருந்து மாறியது, மணம் தெரிகிறதா, உடல் மெலிந்ததா என்று இயன்றவரை தெளிவாகச் சொல்லவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரை வினவவேண்டும். கேட்கும் வைத்தியர், அச்சொற்களைச் சுருக்காமலும் தம் ஊகத்தை அவற்றின்மேல் ஏற்றாமலும் எழுதவேண்டும். எழுதுவினைஞர், எழுதியதற்கு உரிய இலக்கத்தை இடவேண்டும். இம்மூவருள் ஒருவர் தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

பிணத்தைப் பார்த்துக் காரணம் கூறிய இலண்டன் மூதாட்டியர் முதல் இன்றைய கணிப்பொறி வரை, இப்பேரேடு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. தொடக்கத்தில் அது இறந்தவரைப் பற்றிப் பிறர் சொன்னதை எழுதியது. இப்போது, உயிரோடிருப்பவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதையும் எழுத இடம் வைத்திருக்கிறது. சோறு கசக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது அதனை நம்பி எழுதுவதே அவ்விடத்துக்கு நாம் செய்யும் நியாயமாகும்.